பங்குனி வெயிலில் பத்தொன்பது தட்டுகள்

நான் படிக்கிற நாவல்களில் ஆட்கள் அடிக்கடி இசைத்தட்டு போடுகிறார்கள். வேலையிலிருந்து வந்ததும் ஈரமான மேல்கோட்டைக் கழற்றி மாட்டுவார்கள். அலமாரியிலிருந்து ஒரு தட்டை உருவி, விளிம்பை மட்டும் பிடித்து, மெல்ல இறக்கிவைப்பார்கள். பிறகு சன்னலோரம் நின்று பனி விழுவதைப் பார்ப்பார்கள். முன்பின் தெரியாத யாரோ நல்ல தமிழில் எனக்காக மொழிபெயர்த்து வைத்த பனி அது.

எங்கள் வீட்டில் மேல்கோட்டு கிடையாது. சன்னலைத் திறந்தால் மிளகாய்க் களம் தெரியும். மாசி, பங்குனியில் முன்னறை முழுக்க வத்தல் சாக்குகள் அடுக்கியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் நான்கு தும்மல் போட்ட பிறகுதான் பேச ஆரம்பிப்பார்கள். ஆனாலும் கார்த்திகையில் ஒரு ரிக்கார்டு பிளேயர் வாங்கினேன். நீல நிறத்தில் சின்ன சூட்கேஸ் மாதிரி இருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே சுழலும் வட்டமும் ஒரு குட்டிக் கையும். ஸ்பீக்கர் அதிலேயே உண்டு. போன் சார்ஜரைச் செருகினால் ஓடும்.

"என்னடி இது, பியூட்டி பார்லர் பெட்டியா?" என்று கேட்டாள் அம்மா.

கூடவே இரண்டு தட்டுகள் வாங்கியிருந்தேன். இரண்டிலும் பியானோ மட்டும்தான். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே ஒரு பக்கம் முழுவதையும் கேட்டாள். முடிந்ததும், "இதுல ஆளுக யாரும் வரமாட்டாகளா?" என்றாள்.

அப்பாவை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வாசலில் உட்கார்ந்து வத்தல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நல்ல வத்தல் ஒரு பக்கம், வெளுத்துப்போன சண்டு வத்தல் ஒரு பக்கம். நான் ஊசியை இறக்கும்போது மட்டும் தலையைத் திருப்புவார். பாட்டு தொடங்குவதற்கு முன் தட்டில் ஒரு சலசலப்பு கேட்கும் இல்லையா, அது அவருக்குப் பிடித்திருந்தது. காய்ந்த குண்டு மிளகாயைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே விதைகள் அப்படித்தான் சலசலக்கும். வத்தல் காய்ந்துவிட்டதா என்று அய்யா பார்ப்பது அந்தச் சத்தத்தை வைத்துத்தான்.

"நல்லா காஞ்ச தட்டு," என்றார் ஒருநாள். அம்மாவும் நானும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அவர் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

உச்சிப்புளியில் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். பகல் முழுக்க ஆதார் அட்டை, வருமானச் சான்று, சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாங்க. மாலையில் வீட்டுக்கு வந்து முகம் கழுவி ஒரு தட்டைப் போட்டால் இருபது நிமிடம் என்னை யாரும் எங்கும் அனுப்ப முடியாது. போனில் கேட்டால் பாட்டு தன்பாட்டில் ஓடும், நான் என்பாட்டில் இருப்பேன். தட்டு அப்படி விடாது. ஒரு பக்கம் முடிந்தால் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். அப்படி எழுந்து போவதற்காகவே அதைப் பிடித்திருந்தது.

தஸ்னீம் என்னோடு கல்லூரியில் படித்தவள். புதுமடத்துக்காரி, இப்போது சென்னையில் வேலை. பெருநாளுக்கு ஊருக்கு வந்தவள் மறுநாளே ஸ்கூட்டியின் முன்னால் ஒரு அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவர்கள் வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள். பரணை ஒழிக்கும்போது அவளுடைய வாப்பாவின் பெட்டி கிடைத்திருக்கிறது. உள்ளே பதினெட்டுப் பெரிய தட்டுகள், ஒரு சின்னத் தட்டு.

"காக்கா இதப் பழைய சாமான்காரனுக்குப் போடுறேன்னாரு. எங்கூட்டாளிப் பைத்தியம் ஒண்ணு உச்சிப்புளிப் பக்கம் இருக்கு, அவகிட்டக் குடுத்துட்டு வாரேன்னு தூக்கிட்டு வந்துட்டேன்," என்றாள். காக்கா என்றது அவளுடைய அண்ணனை.

சின்னத் தட்டை மட்டும் தனியாக எடுத்தாள். பினாங்கில் ஏதோ ஒரு கடைக்காரர் போட்ட தட்டு. உறையில் மூன்று ஆண்கள் நிற்கிறார்கள். ஓரத்தில் ஒல்லியாக, பெரிய காலர் சட்டையோடு நிற்பவர் அவளுடைய வாப்பா சதக். கையில் புல்புல்தாரா. அந்த வாத்தியத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நீளமான பலகையில் கம்பிகளும், டைப்ரைட்டரில் இருப்பதுபோல் பொத்தான்களும்.

"இருபத்திமூணு வயசுல வாசிச்சதாம். ஊருக்கு வந்து கடை வச்சப்பறம் தொடவே இல்லையாம். உம்மாகூடக் கேட்டதில்ல," என்றாள். "எனக்கு நாலு வயசுல மௌத்தாயிட்டாரு. அவரு குரல்கூட எனக்கு ஞாபகம் இல்லடி, பானு."

உடனே போட்டுக் கேட்கலாம் என்று நான் பிளேயரைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு வேணாம். வீடு முழுக்க விருந்தாளிக, நான் ஒடனே போகணும். ஞாயித்துக்கெழம வாரேன். நீயும் அதுவரைக்கும் போடக்கூடாது. சேந்து கேப்போம். சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். அவள் போன பிறகு பெரிய தட்டுகளில் ஒன்றைப் போட்டேன். நனைந்த துணிக்குள்ளிருந்து வருவதுபோல ஒலித்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எல்லாத் தட்டிலும் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். கடற்கரை வீட்டுப் பரணில் இருபத்தைந்து வருடம் இருந்த பெட்டி. நல்ல துணி வாங்கி வந்து சனிக்கிழமை துடைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிடும்போது அம்மாவிடம் புலம்பவும் செய்தேன்.

"எல்லாம் பூசணம் பிடிச்சுக் கெடக்கும்மா. ஞாயித்துக்கெழமைக்குள்ள சரி பண்ணணும்."

பூசணம் என்ற சொல்லைக் கேட்டதும் அய்யா சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்தார். எங்கள் வீட்டில் அது சாதாரணச் சொல் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் பருவம் தப்பிப் பெய்த மழையில் பாதி மிளகாய் களத்திலேயே பூசணம் பிடித்துப் போனது. அன்றிலிருந்து மேகம் கூடினாலே அவர் களத்தில்தான் படுப்பார்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து சைக்கிளைக் களத்தின் ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். களம் முழுக்கச் சிவப்பு. அதன் நடுவே நீலத் தார்ப்பாயை விரித்திருந்தார்கள். அதன்மேல் வரிசைக்கு ஆறாக, கறுப்பாக, வட்டமாக ஏதோ. முதலில் எனக்குப் புரியவில்லை. தோசைக்கல் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். கிட்டே போனால் ஒவ்வொன்றும் வளைந்திருந்தது. சிலது கிண்ணம் மாதிரி, சிலது பொரித்த அப்பளம் மாதிரி.

அய்யா வேப்பமரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"காலையில ஒம்போது மணிக்குப் போட்டேன் தாயி. பூசணம் போகட்டும்னு," என்றார். "மதியம் திருப்பிப் போடும்போது கையில நெகுநெகுன்னு இருந்துச்சு. இன்னும் ஈரம் போகலன்னு நெனச்சுக்கிட்டேன். அதான் சாயங்காலம் வரைக்கும் விட்டேன்."

மிளகாய் கையில் மெத்தென்று இருந்தால் ஈரம் போகவில்லை என்று அர்த்தம், இன்னும் வெயில் வேண்டும். நாற்பது வருடமாக அவர் கைக்குத் தெரிந்தது அது. தட்டு இளகியதையும் அந்தக் கை அப்படித்தான் எடுத்துக்கொண்டது. இதெல்லாம் இப்போது எழுதும்போது தெளிவாகத் தெரிகிறது. அன்று நான் கத்தினேன்.

"யாரு உங்களைத் தொடச் சொன்னது? வத்தலைத் தவிர ஒலகத்துல வேற எதுவுமே தெரியாதா உங்களுக்கு?"

பக்கத்துக் களத்தில் கூட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அய்யா தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். பிறகு, "சின்னது அவ்வளவா மோசமில்லத்தா. அதக் கடைசியா வச்சேன், மர நெழலு பக்கமா," என்றார்.

நான் அதைப் பார்க்கக்கூட இல்லை. வீட்டுக்குள் போய்விட்டேன்.

சனிக்கிழமை போனில் தேடினேன். இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து, இளஞ்சூடு காட்டி, மேலே பாரம் ஏற்றினால் நிமிரும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். புத்தக அலமாரியின் கண்ணாடிக் கதவுகள் இரண்டையும் கழற்றினேன். ஒரு பெரிய தட்டை நடுவில் வைத்து முற்றத்தில் வெயிலில் போட்டேன். தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அய்யா, "இப்ப வெயிலு ஏறிருச்சு. காலம்பற ஏழு மணி வெயிலுன்னா..." என்று தொடங்கினார். நான் திரும்பிப் பார்த்தேன். நிறுத்திக்கொண்டார். அரைமணி நேரம் கழித்து அம்மிக் குழவியை ஏற்றியதும் மேல் கண்ணாடி விரிசல் விட்டது. அந்தக் கோடு அப்படியே தட்டில் பதிந்தும் போனது.

சாயங்காலம் அம்மா என் அறைக்கு வந்தாள்.

"அந்த மனுசன் நேத்துலருந்து ஒழுங்காச் சாப்பிடல. நீ ஒரு வார்த்தை பேசுனா என்ன?"

"பேசுறதுக்கு என்னம்மா இருக்கு?"

"அவரு என்ன, வேணும்னா பண்ணுனாரு?"

"தஸ்னீம்கிட்ட நான் என்ன சொல்றது? நீ சொல்லு பாப்போம்."

அம்மா விரிசல் விட்ட கண்ணாடியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

படுத்துக்கொண்டு யோசித்தேன். வாப்பாவின் குரல்கூட நினைவில்லாத ஒருத்தி நாளைக்கு வந்து அவருடைய கை வாசித்ததைக் கேட்கப்போகிறாள். உலகத்தில் அது இருந்த ஒரே இடம் இந்தத் தட்டு. சத்தியத்தை மீறி நான் அதை ஒருமுறை போட்டிருந்தால்கூட எப்படி இருந்தது என்று சொல்லவாவது ஒரு ஆளாக இருந்திருப்பேன். போனில் பதிந்தும் வைத்திருக்கலாம். வாக்கைக் காப்பாற்றியதற்காக வருத்தப்பட்டது அன்று ஒருநாள்தான். தூங்குவதற்கு முன் ஒரு பொய்யைத் தயார்செய்துகொண்டேன்.

ஞாயிறு பத்து மணிக்குத் தஸ்னீம் வந்தாள். அவளுடைய உம்மா தொதல் அல்வா கிண்டிக் கொடுத்து விட்டிருந்தார். அதை அம்மாவிடம் நீட்டியபடியே நான்கு தும்மல் போட்டாள்.

"அத்தை, உங்க வீட்டுக்கு வந்தா மூக்கே குளிச்ச மாதிரி இருக்கு," என்று சிரித்தாள். பிறகு என்னிடம், "எடுடி. ராத்திரியெல்லாம் தூக்கமே வரல எனக்கு," என்றாள்.

"தஸ்னீம், தட்டெல்லாம் கொஞ்சம் வளைஞ்சிருக்குடி," என்றேன். "பெட்டியிலேயே அப்படித்தான் இருந்துருக்கு. பரண்மேல, அந்த ஓட்டுச் சூட்டுல..."

"இல்ல தாயி."

அய்யா வாசலில் நின்றுகொண்டிருந்தார். சட்டை போட்டிருந்தார். வீட்டிலிருக்கும்போது அவர் சட்டை போடுவதில்லை.

"நான்தான் தாயி வெயில்ல போட்டேன். வத்தலுக்குப் போடுற மாதிரிப் போட்டுட்டேன். அவளுக்குத் தெரியாது, அவ வேலைக்குப் போயிருந்தா."

தஸ்னீம் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் எழுந்து மூலையிலிருந்த பெட்டிக்குப் போய், மேலிருந்த தட்டை எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணுக்கு நேராக வைத்து, அதன் அலையைப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். இன்னொன்று.

"அப்பளம் பொரிச்ச மாதிரியில்ல பொரிச்சு வச்சிருக்கீக, மாமா," என்றாள். சிரிக்க நினைத்துத்தான் சொன்னாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது. "சின்னது எங்க?"

அய்யா உள்ளே போய் பீரோவைத் திறந்தார். வெளுத்த வேட்டியில் சுற்றி வைத்திருந்ததைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். அவர் சொன்னது உண்மைதான், அது அவ்வளவு மோசமில்லை. ஆனால் மட்டமாகவும் இல்லை. ஒரு பக்க விளிம்பு உதடு பிதுக்கியதுபோல மேலே தூக்கியிருந்தது.

பிளேயரில் வைத்து ஓடவிட்டேன். தூக்கிய விளிம்பு ஒவ்வொரு சுற்றிலும் எழுந்து எழுந்து அடங்கியது. ஊசியை இறக்கினேன். சலசலப்பு கேட்டது, ஒரு டோலக் அடி கேட்டது. விளிம்பு எழுந்ததும் ஊசி துள்ளித் தட்டுக்கு வெளியே விழுந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை தஸ்னீம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் பிடிச்சுக்கட்டுமா?" என்றார் அய்யா.

அவர் கேட்டது என்னிடம். இரண்டு நாளாக அவரோடு நான் பேசவில்லை.

"பிடிங்க மாமா," என்றாள் தஸ்னீம்.

அவர் பின்பக்கம் போய்க் கை கழுவினார். வந்து பிளேயரின் முன் சம்மணமிட்டார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவர்போல் எழுந்து போய், இன்னொரு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். நான் ஊசியை இறக்கினேன். அவர் ஆள்காட்டி விரலை அந்தக் குட்டிக் கையின் தலையில் வைத்தார். அழுத்தவில்லை, தொட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். விளிம்பு எழும்போது விரல் எழுந்தது, இறங்கும்போது இறங்கியது. ஊசி விழவில்லை.

டோலக் வந்தது. ஆர்மோனியம் வந்தது. ஒரு ஆள் கப்பலைப் பற்றிப் பாடினார், கரையில் நிற்கிறவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போகிற மாதிரி. இரண்டாவது வரி முடிந்ததும் புல்புல்தாராவின் கம்பி ஒலித்தது. தகரத்தின்மேல் தேன் ஓடுவதுபோல ஒரு சத்தம். தஸ்னீம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பாட்டு முழுவதும் அலையின்மேல் நிற்கும் வள்ளம் மாதிரி மேலும் கீழும் போய்வந்தது. பாடகரின் குரல் ஆடியது. ஆர்மோனியம் ஆடியது. புல்புல்தாரா இன்னும் கொஞ்சம் கூடுதலாக, ஒவ்வொரு சுரத்தின் கடைசியிலும் நடுங்கியது.

முதல் பாட்டு முடிந்து அடுத்ததற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி வந்தது.

"வாப்பா வாசிச்சதே அப்புடித்தானா," என்று மெதுவாகக் கேட்டாள் தஸ்னீம், "இல்ல தட்டு வளைஞ்சதுனால அப்புடிக் கேக்குதா?"

முன்பே நான் ஒரு முறையாவது போட்டிருந்தால் அதற்குப் பதில் சொல்லியிருப்பேன். அய்யாவின் நெற்றியில் வேர்வை வழிந்தது. அதைத் துடைக்க அவர் கையை எடுக்கவில்லை. அம்மா வந்து தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

அடுத்ததில் பாட்டு இல்லை. புல்புல்தாரா மட்டும் தனியாக, பின்னால் லேசாக டோலக். ஊசி உள்ளே உள்ளே போய், நடுவில் ஒட்டியிருந்த சிவப்புக் காகிதத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கம்பி ஒலித்து, நின்று, நடுங்கியது.

"தாயி," என்றார் அய்யா. கண்ணைத் தட்டிலிருந்து எடுக்காமல் பேசினார். "இங்கன தட்டு ஆடல."

"என்ன மாமா?"

"ஓரத்துலதான் ஆடுச்சு. உள்ள வந்தப்பறம் மட்டமா இருக்கு. என் வெரலு சும்மாதான் கெடக்கு, பாரு."

நாங்கள் குனிந்து பார்த்தோம். விளிம்பு தூரத்தில் தன்பாட்டில் எழுந்து அடங்கிக்கொண்டிருந்தது. ஊசி இருந்த இடத்தில் எழுச்சி இல்லை. தடித்து, நகம் வெடித்த அந்த விரல் கல்போல அசையாமல் இருந்தது. அதன் கீழே கம்பியின் சத்தம் நடுங்கியது. ஒவ்வொரு சுரத்தின் கடைசியிலும், விடுவதற்கு மனமில்லாத மாதிரி.

"இது நான் கெடுத்தது இல்ல தாயி," என்றார் அய்யா. "இது அவரு கையி."

தஸ்னீம் தலையிலிருந்த துப்பட்டாவின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். வாசிப்பு இன்னும் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடியது. கம்பி நின்றது. ஊசி கடைசிப் பள்ளத்தில் விழுந்து, பழைய சலசலப்போடு சுற்றிச் சுற்றி வந்தது. அய்யா விரலை எடுக்கவில்லை. எப்போது எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

"போதும்யா," என்றேன். "எடுத்துருங்க."

விரலை எடுத்து உதறிக்கொண்டார். நான் ஊசியைத் தூக்கி ஓரத்தில் வைத்தேன்.

"அந்தப் பக்கமும் இருக்குல்லத்தா?" என்று கேட்டார். "நான் திருப்பிப் போடவா, நீ போடுறியா?"

தஸ்னீம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சீக்கிரம் என்பதுபோல் கையை ஆட்டினாள்.

"நீங்களே போடுங்கய்யா," என்றேன்.

நான்கு மாதமாக வாசலில் உட்கார்ந்து அவர் வத்தலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைத்திருந்தேன். அய்யா இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில், விளிம்பை மட்டும் பிடித்து, தட்டைத் தூக்கினார்.